ஒகேனக்கல் பரிசல்: குடும்பத்தோடு போய் வந்தவர்கள் சொல்லுங்கள்

ஈரோடு அம்மா:
காலாண்டு லீவுக்கு ஒகேனக்கல் போகலாம்னு இருக்கோம். பையனுக்கு 12 வயசு, பொண்ணுக்கு 6. கூட மாமியாரும் வர்றாங்க. பரிசல் ஏறாம திரும்ப மாட்டேன்னு பையன் ஒத்தக்கால்ல நிக்கிறான். ஆனா வண்டியை நிறுத்தின உடனே புரோக்கருங்க சூழ்ந்துக்குவாங்க, ஆத்து நடுவுல வச்சு கூடப் பணம் கேப்பாங்கன்னு தெரிஞ்சவங்க பயமுறுத்துறாங்க. உங்களுக்கு என்ன நடந்துச்சோ அதை அப்படியே எழுதுங்க.

ஓசூர்வாசி:
அக்கா, அவங்க சொன்னது உண்மைதான். கார் கதவைத் திறக்குறதுக்குள்ள ஒருத்தர் வந்துட்டார். "கவுன்ட்டர்ல பயங்கரக் கூட்டம் சார், மத்தியானம் ஆயிடும். நம்ம பரிசல் ரெடியா இருக்கு, அருவிக்குக் கீழயே கூட்டிட்டுப் போறோம்" என்றார். கூடவே நடந்தோம். பரிசல் துறைப் பக்கம் போகாமல், கடைகளுக்குப் பின்னால் ஒரு பாறைச் சரிவில் இறக்கினார். அங்கே ஒரே ஒரு பரிசல். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று என் மனைவி கேட்டதற்கு, "தண்ணி இடுப்பளவுதாம்மா, எதுக்கு ஜாக்கெட்?" என்று பதில் வந்தது. அந்த ஒரு வார்த்தையில் திரும்பிவிட்டோம். பின்னாலேயே வந்து, சொன்ன தொகையைப் பாதியாகக் குறைத்தார்கள். நாங்கள் நிற்கவில்லை. கவுன்ட்டருக்குப் போனால் எங்களுக்கு முன்னால் நாலைந்து குடும்பம்தான். கூட்டம் என்பதே பொய்.

பென்னாகரம்:
நான் உள்ளூர்க்காரன். எங்க ஊர்ப் பக்கத்துப் பரிசல்காரர்களை நம்பி வருகிறவர்கள் மனசு கசந்து போகக் கூடாது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. வண்டி நிறுத்துமிடத்தில் உங்களை மடக்குபவர் பெரும்பாலும் பரிசல் ஓட்டியே கிடையாது. நடுவில் நிற்கிற ஆள். துடுப்பு பிடிக்கிறவர் துறையில் தன் முறைக்காகக் காத்திருப்பார். அதனால் யார் கூப்பிட்டாலும் "டிக்கெட் போட்டாச்சு"ன்னு சொல்லிவிட்டு நேராகத் துறைக்கு நடங்கள். கட்டணம் எவ்வளவு, ஒரு பரிசலில் எத்தனை பேர் என்று பலகையில் பார்த்துவிட்டு ரசீது வாங்குங்கள். ஏறுவதற்கு முன்னால் ஓட்டியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எதுவரை போவோம், எங்கே இறக்குவீர்கள், திரும்ப எந்த வழி. மணல்திட்டு வரைக்குமா, ஐந்தருவி தெரிகிற இடம் வரைக்குமா என்று கரையிலேயே பேசி முடித்துவிட்டால் தண்ணீரில் பேரம் வராது. பேசாமல் ஏறினால்தான் நடுவழியில் "இதுக்கு மேல தனி"ங்கிற பேச்சு.

தண்ணீர் குறைவாக இருக்கிற நாளில் நடுவில் பாறை குறுக்கே வரும். உங்களை இறக்கி நடக்கச் சொல்லிவிட்டு, ஓட்டி பரிசலைத் தலையில் கவிழ்த்துச் சுமந்துகொண்டு வருவார். மூங்கில் பின்னலும் தார் பூச்சும் சேர்ந்து நல்ல கனம். அதைப் பார்த்து ஏமாற்றுகிறார்கள் என்று சண்டை போட்டவர்கள் உண்டு. அது ஏமாற்று இல்லை, ஆறு அப்படி. ஆனால் மாமியாருக்கு அந்த வழுக்குப் பாறையில் நடை கஷ்டம், அதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும்போது இரண்டு பக்கமும் சாரல் அடிக்கும். அங்கேதான் ஓட்டிகள் பரிசலைச் சுற்றிக் காட்டுவார்கள். பையனுக்குப் பிடிக்கும், சின்னப் பொண்ணு பயந்து எழுந்து நின்றுவிட்டால் ஆபத்து. "சுத்த வேண்டாங்கண்ணா" என்று ஏறும்போதே சொன்னால் கேட்டுக்கொள்வார்கள். அடியில் உட்கார்ந்தபடியே இருங்கள், ஒரே பக்கமாக எல்லோரும் சாய்ந்து போட்டோ எடுக்காதீர்கள். 2015-ல் பரிசல் கவிழ்ந்து ஒரே குடும்பத்தில் பல உயிர் போனதை எங்கள் ஊர் இன்னும் மறக்கவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் செய்தியில் பிலிகுண்டுலு நீர்வரத்தைப் பாருங்கள், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழைகிற இடத்தில் தண்ணீரை அளப்பது அங்கேதான். கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜ சாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்டால் இங்கே சில ஆயிரம் கன அடியாக இருப்பது கிடுகிடுவென்று ஏறும், வெள்ள வருடங்களில் லட்சத்தைத் தாண்டியிருக்கிறது. தண்ணீர் ஏறினால் மாவட்ட நிர்வாகம் பரிசலுக்கும் குளிக்கவும் தடை போட்டுவிடும். தருமபுரியிலிருந்தே 46 கி.மீ. வந்து ஏமாற வேண்டியதில்லை.

சேலம் நீச்சல் பயிற்சியாளர்:
ஜாக்கெட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் பெயருக்கு மாட்டிக்கொண்டு உட்காருகிற குடும்பங்களைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பெரியவர்கள் ஜாக்கெட்டை ஆறு வயதுக் குழந்தைக்குப் போட்டால் தண்ணீரில் ஜாக்கெட் மிதக்கும், குழந்தை அதிலிருந்து நழுவிக் கீழே போகும். எல்லாப் பூட்டையும் மாட்டிவிட்டு, தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். காது வரைக்கும் ஏறினால் அது அவள் அளவு இல்லை. வேறு கேளுங்கள். சின்ன அளவு கிடைக்கவே இல்லை என்றால் பெண்ணும் பாட்டியும் கரையில் இருக்கட்டும். பையன் அழுதாலும் அவள் அழுதாலும் இதில் இரக்கம் காட்டாதீர்கள், தங்கச்சி. பூட்டு உடைந்து கயிறு போட்டுக் கட்டிய ஜாக்கெட்டும் வேண்டாம்.

மேட்டூர்க்காரி:
எங்களுக்கு நேர்ந்தது வேறு. போன அன்று பரிசலுக்குத் தடை. துறையில் சங்கிலி கட்டியிருந்தது. வெளியே வந்ததும் ஒருத்தர், "அங்கதான் தடை, நான் மேல வேற இடத்துல இருந்து கூட்டிட்டுப் போறேன்" என்றார். என் தம்பிக்குச் சபலம். அப்பா ஒரே பிடியாகப் பிடித்து நிறுத்திவிட்டார். தடை போட்ட நாளில் தனியாக ஏற்றுகிறேன் என்பவர் பணத்துக்காக உங்கள் பிள்ளைகளைப் பணயம் வைக்கிறார், இதற்கு மேல் இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. அன்றைக்கு வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையத்தைப் பார்த்தோம், தொங்கு பாலத்தில் நின்று வெள்ளத்தைப் பார்த்தோம். பிள்ளைகள் இன்றைக்கும் முதலையைப் பற்றித்தான் பேசுகிறார்கள்.

இன்னொன்று, குளிக்கப் போகிறவர்களுக்கு அங்கே எண்ணெய் தேய்த்து மசாஜ் செய்கிறவர்களிடம் எண்ணெய் உட்பட எவ்வளவு என்று முதலிலேயே கேளுங்கள். எண்ணெய் தேய்த்த பிறகு கேட்டால் தலைக்கு, காலுக்கு, முதுகுக்கு எனத் தனித்தனியாகக் கணக்கு வரும்.

கோவை நடைப்பயணி:
பையனுக்குச் சாகசம் வேண்டும் என்றால் இன்னொரு வழியும் இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் ட்ரெக் தமிழ்நாடு என்ற மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கியது, மாநிலம் முழுக்க 40 பாதைகள். எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருப்பார்கள், முன்பதிவு ஆன்லைனில், உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இறந்த பிறகு, அனுமதியில்லாமல் "ரகசிய அருவிக்குக் கூட்டிப் போறேன்" என்பவர்களோடு நான் காட்டுக்குள் கால் வைப்பதில்லை. கோடையில் காட்டுத்தீக் காலத்தில் பாதைகளை மூடிவிடுவார்கள், காலாண்டு லீவில் அந்தச் சிக்கல் இல்லை.

ஈரோடு அம்மா:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பொண்ணுக்கு ஜாக்கெட் அளவு சரியா இருந்தா மட்டும்தான் ஏத்துவேன். மாமியார் கரையில இருக்கேன்னு இப்பவே சொல்லிட்டாங்க. பென்னாகரம் அண்ணா, மீன் சாப்பாடு எங்க சாப்பிடலாம்?

பென்னாகரம்:
ஓட்டலுக்குப் போகாதீங்க தங்கச்சி. மீன் கடையில் உங்கள் கண்ணெதிரே எடை போட்டு வாங்குங்கள். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்க வேண்டும். பக்கத்திலேயே சமைத்துக் கொடுக்கிற அக்காமார் இருப்பார்கள். குழம்புக்கு எவ்வளவு, வறுவலுக்கு எவ்வளவு, சோறு சேர்த்தா சேர்க்காமலா என்று கூலியைப் பேசிவிட்டு மீனைக் கொடுங்கள். பரிசலுக்குப் போகும் முன்பே கொடுத்துவிட்டால் திரும்பும்போது சாப்பாடு தயாராக இருக்கும். உங்கள் மாமியார் கூடவே உட்கார்ந்திருக்கட்டும், அந்த அக்காமார் அம்மியில் மசாலா அரைக்கிற இடத்திலேயே அவங்களுக்குப் பொழுது போய்விடும்.