வெளிப் பட்டறையின் ஸ்கேனரை வண்டி ஏற்க மறுக்கிறது: எம்.பி.யிடம் என்ன கேட்பது?

கோவை பட்டறை
வணக்கம். 19 வருஷமாக கார் பட்டறை வைத்திருக்கிறேன், மூன்று பையன்கள் வேலை பார்க்கிறார்கள். போன வாரம் ஒரு டீசல் வண்டிக்கு இன்ஜெக்டர் (இன்ஜினுக்குள் டீசலைத் தெளிக்கும் பாகம்) மாற்றினோம். கழற்றி மாட்டும் வேலை மதியத்துக்குள் முடிந்துவிட்டது, ஆனால் புது இன்ஜெக்டரின் கோட் நம்பரை ஈசியூவில் (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்) ஏற்றப் போனால் கம்பெனி லாகின் கேட்கிறது, அந்தக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் எங்கள் ஸ்கேனரால் உள்ளே போகவே முடியவில்லை. கடைசியில் வண்டியை டோ பண்ணி ஷோரூமுக்கு அனுப்பி, சில நிமிஷ வேலைக்கு அவர்கள் போட்ட பில்லை என் கைக்காசில் கட்டினேன், கஸ்டமரிடம் முதலில் சொன்ன தொகையை மாற்ற மனசு வரவில்லை. இந்த ஏரியாவில் இருபது பட்டறைக்காரர்கள் சேர்ந்து எம்.பி.யைப் பார்க்கப் போகிறோம். இதற்குச் சட்டம் ஏதாவது ஏற்கெனவே இருக்கிறதா? போய் என்ன கேட்பது?

வக்கீல் தம்பி
அண்ணா, இதற்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆனாலும் உங்கள் கையில் ஒரு முக்கியமான தீர்ப்பு இருக்கிறது. 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்குச் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம் போட்டது. ஒரிஜினல் பார்ட்ஸையும் ஸ்கேனர் டூல்களையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும், வெளியே வேலை பார்த்ததை மட்டும் காரணம் காட்டி வாரன்டியை ரத்து செய்யக்கூடாது என்றும் அதில் சொன்னார்கள் (வெளியே செய்த வேலையால்தான் பழுது என்றால் அது வேறு). அப்புறம் அப்பீல், ஹைகோர்ட் என்று வருஷக்கணக்கில் இழுத்துவிட்டது. 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டது, அது எடுத்துக்கொண்ட நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. அதே வருஷம் டிசம்பரில் அதற்கென ஒரு இணையதளமும் திறந்தார்கள். தளத்தில் தகவல் போடுவதால் மட்டும் உங்கள் ஸ்கேனருக்கு வழி திறக்காது, அதனால் சட்டமே வேண்டும் என்று கேளுங்கள்.

பாஸ்டன்வாசி
நான் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே இதை மக்கள் ஓட்டுக்கே விட்டார்கள். 2012இல் வெளிப் பட்டறைகளுக்கு ஆதரவாக 100க்கு 85 பேருக்கு மேல் ஓட்டுப் போட்டார்கள், அடுத்த வருஷம் சட்டம் உறுதியானது, 2014 தொடக்கத்தில் கம்பெனிகளே இறங்கி வந்து நாடு முழுவதற்கும் ஒப்பந்தம் போட்டன. ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. வண்டியிலிருந்து வயரில்லாமல் நேராகக் கம்பெனி சர்வருக்குப் போகும் தகவலை அந்தச் சட்டம் பெரும்பாலும் விட்டுவிட்டது. புது வண்டிகளில் அதுதான் முக்கியம் என்று ஆனதும் 2020இல் மறுபடி ஓட்டு, 75 சதவீதம் ஆதரவு. கம்பெனிகள் உடனே கேஸ் போட்டன, அது தள்ளுபடியாக 2025 பிப்ரவரி வரை ஆனது. அண்ணா, தயவுசெய்து முதல் மனுவிலேயே இந்த வயர்லெஸ் தகவலையும் எழுதுங்கள். இங்கே எட்டு வருஷம் கழித்து அதற்காகத் திரும்பத் தெருவில் இறங்க வேண்டி வந்தது.

இன்னொன்று, ஹேக்கர் நுழைவான், பாதுகாப்பு போய்விடும் என்று எதிர்த்தரப்பு கட்டாயம் சொல்லும். 2023 ஜூனில் இங்கே மத்திய வாகனப் பாதுகாப்பு அமைப்பும் அதைச் சொல்லித்தான் இந்தச் சட்டத்தைப் பின்பற்ற வேண்டாமென்று கம்பெனிகளுக்குக் கடிதம் எழுதியது. ஆகஸ்டிலேயே நிலையை மாற்றிக்கொண்டு, வண்டிக்குப் பக்கத்தில் நின்று புளூடூத் மாதிரி குறைந்த தூரத்தில் தகவல் எடுக்கலாம் என்று ஒத்துக்கொண்டது. அந்தப் பதிலை மனதில் வைத்துக்கொண்டு போங்கள்.

கோவை பட்டறை
இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. வயர்லெஸ் விஷயம் எங்களுக்குத் தோன்றவே இல்லை. சும்மா கஷ்டத்தைச் சொன்னால் எம்.பி. கேட்பாரா?

வக்கீல் தம்பி
கஷ்டத்தைக் கணக்காகக் கொண்டு போங்கள். இருபது பட்டறையும் இன்றிலிருந்து ஒரு நோட்டுப் போடுங்கள்: தேதி, மாடல், எந்த வேலை, ஸ்கேனரில் வந்த மெசேஜின் போட்டோ, டோ செலவு, வண்டி எத்தனை நாள் நின்றது. இரண்டு மாசத்தில் சேருவதை ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். வாகனச் சட்டம் மத்திய, மாநில அரசுகள் இரண்டுமே கைவைக்கக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது, எனவே எம்.எல்.ஏ.வையும் விட்டுவிடாதீர்கள். எம்.பி.யிடம் நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்பச் சொல்லுங்கள், மக்களவை மனுக்கள் குழுவுக்கு அவர் மேலொப்பத்தோடு மனு கொடுக்கவும் வழி இருக்கிறது. பில் கட்டிய கஸ்டமர்கள் இரண்டு பேராவது கூட வரட்டும்.

கோவை பட்டறை
சரி தம்பி, நோட்டை இன்றே ஆரம்பிக்கிறேன். அந்த இன்ஜெக்டர் வண்டிக்காரரிடம் பேசினேன், வருகிறேன் என்றார்.