பத்தடிச் சுவரில் குன்னூர் மலை ரயில்: எந்த அளவு, எவ்வளவு ஏற்றம்?

மலைப்பாதை

வணக்கம் நண்பர்களே. வீட்டிலேயே ஒரு மாதிரி ரயில் கட்ட வேண்டும் என்ற ரொம்ப நாள் ஆசையை இந்த வருடம் ஆரம்பித்துவிடலாம் என்றிருக்கிறேன். வீட்டில் ஒரு சுவர் கிடைத்திருக்கிறது, பத்தடி நீளம், இரண்டடி அகலம். இடது மூலையில் திரும்பி இன்னும் ஆறடி போகலாம், அதற்கு மேல் கட்டில் இருக்கிறது. கட்ட நினைப்பது நீலகிரி மலை ரயில், அதுவும் கல்லாறு முதல் குன்னூர் வரையிலான பல்சக்கரப் பகுதி, அதாவது நடுவில் இருக்கும் பல்தண்டவாளத்தை எஞ்சினின் பல்சக்கரம் கவ்வி ஏறுகிற இடம். ஹெச்ஓ அளவு, 1:87, அதாவது நிஜத்தில் 87இல் ஒரு பங்கு. குழப்பம் மூன்று. நிஜத்தில் ஏற்றம் கிட்டத்தட்ட 12க்கு 1 (12 அடி போனால் ஓரடி உயரும்) என்கிறார்கள், மாதிரி எஞ்சின் அதில் ஏறுமா? மீட்டர் கேஜுக்கு (தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர் அகலம்) எந்தத் தண்டவாளம் வாங்குவது? பாறை, தேயிலைத் தோட்டம் எல்லாம் இங்கே கிடைக்கும் பொருளில் செய்ய முடியுமா? வீடு சென்னையில், கடற்கரை பக்கம், ஈரக்காற்று அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மீட்டர்கேஜ்

முதலில் தண்டவாளம். 1000 மி.மீ.யை 87ஆல் வகுத்தால் 11.5 வரும், அதனால் 12 மி.மீ. அகலப் பாதைதான் சரி. ஹெச்ஓஎம் (ஹெச்ஓ அளவில் மீட்டர் கேஜ்) என்று கேட்டால் பெக்கோ, டில்லிக், பேமோ மூன்று கம்பெனிகளிலும் கிடைக்கும். சாதாரண ஹெச்ஓ 16.5 மி.மீ. பாதையை வாங்கிவிடாதீர்கள், அது 1435 மி.மீ. கேஜுக்கானது. நம் பிராட்கேஜுக்கே (1676 மி.மீ.) அது குறுகல், மலை ரயிலுக்கோ ரொம்ப அகலம், பார்த்ததும் கண்ணை உறுத்தும்.

நீலகிரி எஞ்சினின் மாதிரி கடையில் வாங்குகிற பொருள் இல்லை. மோட்டாரும் சக்கரமும் உள்ள அடிச்சட்டம் ஒன்றை வாங்கி அதன்மேல் 3டி பிரிண்ட் உடலை உட்கார வைப்பதுதான் நடக்கிற வழி. டிடி என்ற இன்னும் சிறிய அளவும் 12 மி.மீ. பாதையில்தான் ஓடுகிறது, ஹார்ன்பி கம்பெனி 2022இல் டிடி வரிசையை இறக்கிய பிறகு அந்த அகலத்தில் அடிச்சட்டம் தேடுவது சுலபமாகிவிட்டது.

ஏற்றம்: 12க்கு 1 என்றால் உங்கள் பத்தடியில் பாதை 25 செ.மீ. உயரும். பல் இல்லாத மாதிரி எஞ்சின் நாலு பெட்டியோடு அதில் சக்கரம் வழுக்கி நிற்கும். பேமோவில் பல்தண்டவாளமும் பல்சக்கர எஞ்சினும் உண்டு, ஆனால் அவை ஸ்விட்சர்லாந்து ரயில்களுக்கானவை, விலையும் கையைக் கடிக்கும். ஏற்றத்தை நூற்றுக்கு மூன்றுக்கு மேல் போகாமல் வையுங்கள். நடுவில் பல்பட்டையை அலங்காரத்துக்கு ஒட்டிக்கொள்ளலாம், எஞ்சினின் அடிப்பாகம் அதில் உரசாமல் உயரத்தை மட்டும் கவனியுங்கள்.

கொண்டைஊசி

நண்பர் மீட்டர்கேஜ் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எனக்கு இதுதான் முக்கியம். தண்டவாளத்தை ஏற்றாதீர்கள், நிலத்தை இறக்குங்கள்.

நிறையப் பேர் ஒரு முழு பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் பாதை போட்டு, பின்னால் ஒரு மலையை நிறுத்துகிறார்கள். அது எத்தனை உயரமாக இருந்தாலும் சமவெளியில் ஓடுகிற ரயிலாகத்தான் தெரியும். மலை ரயிலில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும், பயமும் பிரமிப்பும் வருவது மேலே பார்க்கும்போது இல்லை, ஜன்னல் வழியாகக் கீழே பார்க்கும்போதுதான். அதனால் முழுப் பலகை வேண்டாம், சட்டம் மட்டும் அடியுங்கள். பாதை போகிற இடத்துக்கு மட்டும் நாலு அங்குல அகலத்தில் பிளைவுட் பட்டை, அதைக் குத்துக்கட்டைகள் தாங்கட்டும். பட்டைக்கு முன்பக்கம் நிலம் ஓரடி, ஒன்றேகால் அடி கீழே விழட்டும். பாதை சமமாகவே இருந்தாலும் ஓடைகள் சரிந்து, மரங்களின் தலை தண்டவாள மட்டத்துக்குக் கீழே தெரிந்தால் கண் அதை ஏற்றமாகவே எடுத்துக்கொள்ளும். பாதையைப் பார்ப்பவரின் நெஞ்சு உயரத்தில் வையுங்கள், அப்போதுதான் பள்ளம் பள்ளமாகத் தெரியும்.

இன்னொன்று, முழுப் பாதையையும் கட்ட ஆசைப்படாதீர்கள். மேட்டுப்பாளையம் முதல் ஊட்டி வரை 46 கி.மீ., ஹெச்ஓவில் அது அரை கிலோமீட்டரைத் தாண்டும். உங்கள் பத்தடி நிஜத்தில் 265 மீட்டர்தான். ஒரு பாலம், ஒரு குகை, ரன்னிமேடு மாதிரி ஒரு சின்ன நிலையம், போதும். ஆறடிப் பக்கத்தில் குன்னூரின் எஞ்சின் கொட்டகையை வைத்தால் எஞ்சின் மாற்றுவதே ஒரு நல்ல விளையாட்டு, நிஜத்திலும் அங்கேதான் நீராவி எஞ்சினைக் கழற்றி டீசலை மாட்டுகிறார்கள்.

மலைப்பாதை

கொண்டைஊசி அண்ணா, நிலத்தை இறக்குவது எனக்குத் தோன்றவே இல்லை, படம் முழுக்க மாற்றி வரைகிறேன். அப்போ பாறைக்கும் தேயிலைக்கும் என்ன செய்யலாம்?

பச்சைமலை

இது என் பகுதி, கொஞ்சம் நீளமாகப் போகும்.

சரிவுக்குத் தெர்மாகோல் அடுக்கி, ஃபெவிகால் போட்டு ஒட்டுங்கள். ரப்பர் பசை, ஃபெவி குவிக் இரண்டும் வேண்டாம், தெர்மாகோலைக் கரைத்துவிடும். பாறைக்கு அலுமினியத் தாளை நன்றாகக் கசக்கி, பாதி விரித்து, அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, தயிர் பதத்துக்கு இறுகும்போது தாளோடு சரிவில் அழுத்திப் பிடியுங்கள். காய்ந்த பிறகு தாளை உரித்தால் வெட்டுப்பாறை முகம் அப்படியே வரும். நிறத்தில் கவனம். இணையத்தில் வரும் வீடியோக்களில் எல்லாம் அமெரிக்கப் பாலைவனத்துக் காவி நிறப் பாறைதான். நீலகிரியில் இருப்பது சார்னோக்கைட், கருஞ்சாம்பலில் லேசாக நீலம் கலந்த மாதிரி, மேலே நீர் வழிந்த கறுப்புக் கோடுகள், நிழலான பக்கம் பாசி. மண் மட்டும் சிவப்பு.

தேயிலைக்குப் பாத்திரம் தேய்க்கிற பச்சை நார்ப்பட்டையே போதும். செடி இடுப்பளவு என்றால் ஹெச்ஓவில் ஒரு செ.மீ. அதே உயரத்துக்குப் பட்டையாக வெட்டி, பக்கங்களைக் கையால் பிய்த்துவிட்டு, உச்சியை மட்டும் கத்தரியால் தட்டையாக்குங்கள், கவாத்து செய்த செடி அப்படித்தான் இருக்கும். அடர்பச்சை பூசி, காய்ந்த தூரிகையால் உச்சியில் மட்டும் இளம்பச்சை தடவினால் கொழுந்து வந்துவிடும். வரிசைகள் சரிவைச் சுற்றி வளைந்து போக வேண்டும், நடுவே கொழுந்து பறிப்பவர்கள் நடக்கும் இடைவெளி விடுங்கள். சில்வர் ஓக் மரத்துக்கு முற்றிய பீர்க்கங்காய் நாரை மெல்லிசாகப் பிரித்து ஊதுபத்திக் குச்சியில் கோத்துக்கொள்ளுங்கள். கல்லாறு பக்கம் காட்டினால் தேயிலை வேண்டாம், அங்கே பாக்கு மரம்தான்.

தண்டவாளத்தின் கீழே பரப்பும் ஜல்லிக்குக் கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பு தண்டவாளத்தைத் தின்றுவிடும். கல் உடைக்கும் கிரஷரின் தூளைச் சலித்து, மேலே ஒரு காந்தத்தை ஓட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் இரும்புத் துகள் மோட்டாருக்குள் போய்ச் சேரும். பரப்பியபின் தண்ணீர் தெளித்து, ஒரு பங்கு ஃபெவிகாலுக்கு மூன்று பங்கு தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு கலந்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் விடுங்கள். சோப்பு இல்லாமல் விட்டால் பசை உருண்டை உருண்டையாக நிற்கும்.

மீட்டர்கேஜ்

ஈரக்காற்று பற்றி யாரும் சொல்லவில்லையே. சென்னையில் தண்டவாளம் நீளுவதைவிட மரம் உப்புவதும் சுருங்குவதும்தான் பெரிய தொல்லை. பிளைவுட்டின் ஆறு பக்கமும், வெட்டிய ஓரங்கள் உட்பட, வார்னிஷ் அடித்துவிட்டுப் பாதை போடுங்கள். ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் தனி மின்கம்பி பற்றவையுங்கள், இணைப்புத் தகட்டை நம்பினால் அடுத்த மழைக்காலத்தில் எஞ்சின் அங்கங்கே நிற்கும்.

அப்புறம், நீலகிரியின் பல்சக்கரப் பகுதியில் எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம், ஏறும்போது பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளும். மாதிரியிலும் தள்ளத்தான் போகிறீர்கள் என்றால் பெட்டி லேசாக இருக்கக் கூடாது, வளைவில் ஏறித் தடம் புரளும். ஹெச்ஓவுக்கு அமெரிக்க மாதிரி ரயில் சங்கமான என்எம்ஆர்ஏ சொல்கிற கணக்கு, பெட்டிக்கு 28 கிராம், அதோடு நீளத்தில் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 14 கிராம். குறுகிய பாதைக்குக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். உங்கள் மூலைத் திருப்பத்தில் ஆரம் 45 செ.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். எஞ்சினும் ஐந்து பெட்டியும் கையில் வந்ததும், பாறை ஒட்டுவதற்கு முன்னால், வெறும் பிளைவுட் பட்டையில் போட்ட பாதையில் தள்ளி ஓட்டிப் பாருங்கள்.