சோடியம் பிஸ்மத்தைடு ஏட்டில் மின்புலக் கணக்கீடு: வழிகாட்டல் தேவை

அனைவருக்கும் வணக்கம். அறை வெப்பநிலையில் டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தைப் பத்து மடங்கு மாற்றக் குறைந்தது 60 மில்லிவோல்ட் வேண்டும் என்ற வரம்பைத் தாண்ட, மின்புலத்தாலேயே இடத்தியல் நிலை (விளிம்பில் மட்டும் மின்சாரம் கடத்தும் நிலையா, சாதாரண மின்காப்பு நிலையா என்பது) மாறும் பொருள்கள் கைகொடுக்குமா என்பதே என் ஆய்வு. 2018இல் மிக மெல்லிய சோடியம் பிஸ்மத்தைடு ஏட்டில் இம்மாற்றம் பரிசோதனையில் காட்டப்பட்டது. ஆற்றல் இடைவெளியும் (எலக்ட்ரான்கள் இருக்க முடியாத ஆற்றல் பகுதி) 300 மில்லி எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் என்பதால் அதையே தேர்ந்தேன்.

குவாண்டம் எஸ்பிரெஸோ என்ற கணக்கீட்டு மென்பொருளில், சுழல்-சுற்றுப்பாதைப் பிணைப்பையும் (எலக்ட்ரானின் சுழலுக்கும் அதன் இயக்கத்துக்கும் உள்ள தொடர்பு) சேர்த்துக் கணக்கிடும்போது, மின்புலத்தைக் கூட்டக் கூட்ட அந்த மின்புலத்தைக் குறிக்கும் ரம்பப்பல் வடிவ மின்னழுத்தம், ஏடுகளுக்கு இடையே விடும் வெற்றிடப் பகுதியில் ஃபெர்மி மட்டத்துக்கும் (எலக்ட்ரான்கள் நிரம்பியிருக்கும் ஆற்றலின் எல்லை) கீழே இறங்கி, எலக்ட்ரான்கள் அங்கே கசிந்துவிடுகின்றன. எலக்ட்ரான் ஆற்றல்களைக் காட்டும் பட்டை வரைபடத்தில் இடைவெளியின் நடுவே பொருளுக்குச் சொந்தமில்லாத பரவளையம் ஒன்று தெரிகிறது. மென்பொருள் ஒரே ஏட்டை மீண்டும் மீண்டும் அடுக்கியே கணக்கிடுவதால், வெற்றிடத்தைச் சுருக்கினால் அடுத்தடுத்த ஏடுகள் ஒன்றையொன்று பாதிக்கும். வெற்றிடத்தின் அகலத்தையும் இருமுனைத் திருத்தம் (ஏட்டின் நகல்களுக்கு இடையே எழும் போலி மின்புலத்தை நீக்குவது) அமையும் இடத்தையும் எவ்வாறு முடிவு செய்கிறீர்கள்? இத்தகைய கணக்கீட்டைச் செய்தவர்கள் தங்கள் உள்ளீட்டுக் கோப்பைப் பகிர்ந்தால் பேருதவியாக இருக்கும்.