வேலை முடிஞ்சாப் பிறகு விளையாட்டுக்குச் செய்யிற குளம், சத்தம் வருதில்லை

கிளிப்பொடியன்:
பகல் முழுக்க ஆரோ கடைக்காரருக்கு வெப்சைட் செய்து அலுத்துப்போச்சு, அதால இரவில சும்மா கிளிநொச்சி இரணைமடுக் குளத்தை வெப்பக்கத்தில கோட் எழுதிப் படம் கீறுற கேன்வாஸில கீறுறன், கனகராயன் ஆத்தால தண்ணி வர வர மட்டம் ஏறும், தவளையள் கத்தவேணும். பக்கம் திறந்தா ஒரு சத்தமும் இல்லை, ஏன்?

வவுனியாக்காரி:
பிரவுசர் விடாது தம்பி. ஆள் ஒருக்கா தட்டினாப் பிறகுதான் பக்கத்தில சத்தத்தை நடத்துற ஆடியோகொன்டெக்ஸ்ட் ஓடும், கிளிக்குக்குள்ள அதைத் தொடக்கிற ரெசியூம் கட்டளையைப் போடுங்கோ. தவளைக்கு எம்பி3 தேடாதேங்கோ, சத்த அலை எழுப்புற ஒரு ஒசிலேட்டர் எடுத்து கெயினை, அதான் சத்த அளவை, டக்கெண்டு ஏத்தி இறக்கினாக் காணும். நான் அப்பிடித்தான் செண்பகக் குருவிச் சத்தம் செய்தனான், வீட்டு நாய் ஸ்பீக்கரைப் பாத்துக் குரைக்குது 😄

முறிகண்டிக் கச்சான்:
அலைக்கு பெர்லின் நொய்ஸ் (திடீரெண்டு பாயாமல் மெல்ல மெல்ல மாறுற ரண்டம் எண்கள்) போடுங்கோ, 1983ல வந்தது, இன்னும் அதுதான் வடிவு. வெறும் ரண்டம் போட்டா தண்ணி நடுங்கும். குளம் நிரம்பினாத் தண்ணியைத் திறந்துவிடுற வான்கதவும் வையுங்கோ!

கிளிப்பொடியன்:
கத்துது அக்கா!! வான்கதவு பெரிய வேலை அண்ணை, மாரிக்குப் பாப்பம்.