சாப்பாட்டு மேசை நாற்காலிக்குக் குஷன்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

ரங்கூன், பபேடான்:

எங்கள் வீட்டில் ஆறு தேக்கு நாற்காலிகள். மாமியாருக்கு இடுப்பு வலி. வெறும் பலகையில் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாமல் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்துவிடுவார். நல்ல தேக்கைத் தள்ளிவிட யாருக்கு மனசு வரும்? அதனால் குஷன் தேடிக் கிளம்பினேன்.

கடையில் தொங்கும் ரெடிமேட் குஷன்கள் பார்க்க அழகுதான். ஒன்றை மேசையில் வைத்து முஷ்டியால் அழுத்தினேன். அடியில் இருந்த பலகை விரல் மூட்டில் இடித்தது. உள்ளே அடர்த்தி இல்லாத ஃபோம், ஒரு மழைக்காலம் தாங்காது. நாம் கொடுக்கும் காசு மேலுறையின் பூவேலைக்குப் போய்விடுகிறது. கையில் பணம் கொஞ்சம்தான் என்றால் அதை உள்ளே வைக்கும் பொருளுக்குச் செலவழியுங்கள், உறையை வீட்டிலேயே தைத்துக்கொள்ளலாம்.

இலவம்பஞ்சு வைத்தால் போதும் என்று நினைத்துத்தான் மெத்தை தைக்கும் பாயிடம் போனேன். "படுக்கைக்குச் சரிம்மா, உட்காருகிற இடத்தில் பஞ்சு சீக்கிரம் அமுங்கிப் போகும். அடியில் கெட்டி ஃபோம் ஓர் அங்குலம் போடு, மேலே பஞ்சு வை" என்றார். ஃபோம் துண்டுகளை ஒட்டி அழுத்திச் செய்த பலகை அவரிடம் இருந்தது. மெத்தைக்கு வெட்டியது போக மிஞ்சியது என்பதால் மலிவாகவே கொடுத்தார். விலை எழுதவில்லை, இங்கே அது வாரத்துக்கு ஒன்றாக இருக்கிறது.

அளவைப் பேப்பரில் எடுத்து வரச் சொன்னார். பழைய நாற்காலி முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். செய்தித்தாளை இருக்கை மேல் விரித்து, ஓரம் முழுக்கக் கட்டைவிரலால் அழுத்தினால் மடிப்பு விழும். அதன் மேலேயே வெட்டுங்கள். கையால் செய்த நாற்காலிகள் ஒன்றுபோல் இருக்காது, ஒவ்வொன்றுக்கும் தனியாக எடுங்கள்.

தடிமன்தான் முக்கியம். பொதுவாக மேசை 30 அங்குலம், இருக்கை 18 அங்குல உயரம். இடையில் உள்ள 12 அங்குலத்தில்தான் தொடை போக வேண்டும். மெத்தென்று இருக்கட்டும் என்று 3 அங்குலம் வைத்தால் முட்டி இடிக்கும். மாமியார் குள்ளம், அவருக்குக் காலும் தரையில் படாது. அதனால் அவருக்கு ஒன்றரை அங்குலம், மற்றவர்களுக்கு இரண்டு.

துணி பருத்திதான் வாங்கினேன், வியர்வைக்கு அதுவே நல்லது. நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும், இல்லையென்றால் முதல் சலவையில் சுருங்கி உறை ஏறாது. 16 அங்குல இருக்கைக்குத் தடிமனும் தையலும் சேர்த்து 19 அங்குலம். 44 அங்குல அகலத் துணியில் பக்கத்துக்குப் பக்கம் இரண்டு துண்டு வரும், அதுவே ஓர் உறைக்கு மேலும் கீழும். ஆறு நாற்காலிக்கு மூன்றேகால் கெஜம். ஓரத்தில் மிஞ்சும் பட்டையில் கட்டுவதற்கு நாடா தைத்துக்கொள்ளலாம். பாலிஷ் போட்ட தேக்கில் குஷன் வழுக்கும், அடியில் ரப்பர் வலை ஒரு துண்டு போட்டால் நகராது.

மாமியார் இப்போது ரசம், மோர் வரை நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு, தட்டு எடுத்த பிறகும் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்.

மோல்மேன்:

எங்களுடையது பிரம்பு பின்னிய இருக்கை. அதற்குக் கெட்டி ஃபோம் மட்டும் போதும் அக்கா. இங்கே மழை உங்கள் ஊரைவிட அதிகம், பஞ்சு வைத்தால் உறையில் பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளி விழுகிறது. ராத்திரி குஷனை எடுத்து நிறுத்தி வைக்கிறோம், பிரம்புக்கும் காற்றுப் படும்.

மாண்டலே:

எங்கள் பக்கம் வறண்ட வெயில், அதனால் பஞ்சு பிரச்சினை இல்லை. அமுங்கினால் மொட்டை மாடியில் காயப்போட்டுத் தட்டி எடுக்கிறோம், பழையபடி உப்பிவிடுகிறது. ஆனால் பஞ்சு துணி வழியாக வெளியே வந்து ஒட்டுகிறதே, அதற்கு என்ன செய்தீர்கள் அக்கா?

ரங்கூன், பபேடான்:

உள்ளே இன்னொரு உறை போடுங்கள் தம்பி, நெருக்கமாக நெய்த துணியில். மேலுறையை மட்டும் துவையுங்கள், பஞ்சை நனைத்தால் கட்டி கட்டியாகிவிடும். வாங்கும்போது விதை எடுத்த பஞ்சுதானா என்று கையை விட்டுப் பாருங்கள், விதை கிடந்தால் உட்காரும்போது உறுத்தும்.