மறு: குறுக்கு ரம்பமா, துமிவாளா?

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

மோட்டார் ரம்பம் வருவதற்கு முன் அமெரிக்கக் காடுகளில் இருவர் இரு முனையிலும் பிடித்து இழுத்த நீண்ட ரம்பங்களை அடையாளம் காண உதவும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. மரத்தின் நாரோட்டத்துக்குக் குறுக்கே அறுப்பதே இக்கருவியின் இயல்பு. 'குறுக்குவெட்டு ரம்பம்' என்று எழுதியிருக்கிறேன். பாடநூல்களில் 'குறுக்குவெட்டுத் தோற்றம்' வேறு பொருளில் நிலைபெற்றுவிட்டதால் தயங்குகிறேன். பற்களுக்கும் பெயர் தேவை. ஒருவகைப் பல் நாரை வெட்டுகிறது. சற்றே குட்டையான மற்றொன்று வெட்டுண்ட நாரைச் சுருளாக வாரி வெளியே கொண்டுவருகிறது.

---

ஐயா, வணக்கம்.

அகநானூற்றின் 24ஆம் பாட்டில் 'வேளாப் பார்ப்பான் வாளரந் துமித்த வளை' என்று வருகிறது; வேள்வி செய்யாத பார்ப்பான் வாளரத்தால் அறுத்த சங்கு வளையல் என்பது பொருள். சங்கை வளையலாக்க அதைக் குறுக்கேதான் அறுத்தாக வேண்டும். அச்செயலுக்குப் புலவர் ஆண்ட வினை 'துமித்தல்'. நெடுக்கே பிளப்பதற்கு 'ஈர்தல்' இருக்கிறது. ஆகவே நெடுக்கே அறுப்பது ஈர்வாள், குறுக்கே அறுப்பது துமிவாள் என்று வகுத்துக்கொள்ளலாம். ஊறுகாய் போல இதுவும் வினைத்தொகையே. தமிழில் ரகரம் மொழிமுதலாகாது என்பதையும் நினைவூட்டுகிறேன். ரம்பம் என்றே எழுதுவதானால் 'இரம்பம்' என்றாவது எழுதுங்கள்.

---

புலவர் ஐயாவின் சங்கச் சான்று அருமையானது. ஆனால் 'துமி' என்றதும் படித்தவர்களுக்கு நினைவு வருவது நீர்த்துளியும், அச்சொல்லுக்காகக் கம்பரை ஒட்டக்கூத்தர் மடக்கியதாகச் சொல்லப்படும் கதையும்தான். கையேட்டைப் படிப்பவர் கையில் துருப்பிடித்த இரும்பு இருக்கிறது. அது என்ன என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

அவர் முதலில் பார்ப்பது முதுகை. முதுகு உள்வாங்கி வளைந்திருந்தால் அது நிற்கும் மரத்தை வீழ்த்தும் ரம்பம். எடை குறைவு, அறுத்த தடத்தில் பின்னாலேயே ஆப்பு இறக்கவும் இடம் கிடைக்கும். முதுகு நேராக, தகடு கனமாக இருந்தால் விழுந்த மரத்தைத் துண்டுபோடும் ரம்பம். அடுத்து, வாரும் பற்கள் இரண்டுக்கு நடுவே எத்தனை அறுக்கும் பற்கள் என்று எண்ண வேண்டும். நான்கு இருந்தால் ஈட்டிப்பல் அமைப்பு, ஃபர், ஸ்புரூஸ் போன்ற மென்மரங்களுக்கு உரியது. இரண்டு இருந்தால் சாம்பியன் அமைப்பு, கடின மரத்துக்கும் உறைந்த மரத்துக்கும் உரியது. சைமண்ட்ஸ், டிஸ்ட்டன், அட்கின்ஸ் போன்ற நிறுவனங்கள் தகட்டின் மேல் பொறித்த முத்திரை துருவுக்கு அடியில் மங்கலாக மிஞ்சியிருக்கலாம். உப்புத்தாளைப் போட்டுப் பளபளவென்று தேய்ப்பவர் அந்த ஒரே சான்றையும் அழித்துவிடுகிறார். இந்த எச்சரிக்கையைத் தடித்த எழுத்தில் போடுங்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

இத்தனையையும் சொல்ல 'குறுக்கு ரம்பம்' போதும். பற்களுக்கு 'வெட்டுப்பல்' வேண்டாம், அது உயிரியலில் முன்பல்லைக் குறிக்கிறது. 'அறுபல்' என்றால் ஆறு பல் என்று படிப்பார்கள். 'அறுக்கும் பல்', 'வாரும் பல்' என்று பெயரெச்சமாகவே இருக்கட்டும்.

---

மடல் எழுதிய அனைவருக்கும் நன்றி. 'அறுக்கும் பல்', 'வாரும் பல்' இரண்டுக்கும் மறுப்பு வரவில்லை. 'குறுக்கு ரம்பம்' என்பதற்கே பெரும்பான்மை ஆதரவு இருப்பதால் அதையே அச்சுக்கு அனுப்புகிறேன். அமெரிக்காவில் 1964ஆம் ஆண்டின் வனப்பகுதிச் சட்டம் அதன்கீழ் வரும் காடுகளில் மோட்டார் கருவிகளைப் பொதுவாகத் தடுப்பதால் இந்த ரம்பங்கள் இன்றும் அங்கே வேலை செய்கின்றன. ஆகையால் இப்பெயர் அருங்காட்சியகத்தோடு நின்றுவிடாது.

---

ஐயா, பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், உடன்படவில்லை. கருவி உழைக்கிறது என்றால் அதன் பெயரும் வேரோடு இருக்க வேண்டும். சொல்லடைவில் மட்டுமாவது 'துமிவாள்' என்பதையும் சேர்த்துவிடுங்கள். 'இரம்பம்' பற்றித் தனி மடல் எழுதுகிறேன்.