கத்திரி முடியுற நேரத்தில் குளம் குளிர்ந்து கிடக்கு: விராலுக்கு என்ன மாத்தணும்?

குடமுருட்டிக்கரை கேட்டது:

பாபநாசம், வலங்கைமான் பக்கத்து ஊர்க்குளங்கள். மீன்பாசி குத்தகைக்காரர் (குளத்து மீனை ஏலம் எடுத்தவர்) அனுமதியோடுதான் பிடிக்கிறேன். இந்த வருஷம் கத்திரி பாதியிலேயே மழை பிடிச்சு, மேகம் விலகவே இல்லை.

குளத்தோட நிலை: நடுவில் 6 அடி, கரையோரம் 2 அடி. மூணில் ஒரு பங்கு ஆகாயத்தாமரை, மிச்சத்தில் அல்லியும் வேலம்பாசியும். தண்ணி காலை 6 மணிக்கு 27 டிகிரி, மதியம் 2 மணிக்கு 29. வழக்கமா இந்தப் பருவத்தில் மதியம் 33, 34 காட்டும். வாய்க்கால் வழியா மழைத்தண்ணி இறங்கி ஒரு சாணுக்குக் கீழே எதுவும் தெரியலை.

7 அடி மீடியம் ஹெவி ராடு, 3000 ரீல், 30 பவுண்டு பிரெய்டு (பின்னல் நரம்பு), 5 செ.மீ. ரப்பர் தவளை. கத்திரியில் காலை 5.30லிருந்து 7.30 வரை ஆகாயத்தாமரை ஓரத்தில் அடிக்கிற மீன் இப்போ அங்கே இல்லை. மூச்சு வாங்க மேலே வர்றதும் குறைஞ்சிருக்கு.

அமெரிக்காவில் வால்ஐ (walleye) மீன் பிடிக்கிறவங்க வீடியோவில், கோடைக் கடைசி குளிர்ந்தா ஏரியின் வெப்ப அடுக்கு சீக்கிரம் கலைஞ்சு மீன் பரவிடும், அதுக்கேத்த மாதிரி இடத்தை மாத்துன்னு சொல்றாங்க. அது நமக்கும் பொருந்துமா? நேரம், இடம், இரை எதை முதல்ல மாத்தணும்? காத்தழுத்தம் குறைஞ்சா மீன் கடிக்காதுங்கிறாங்களே, அது நிஜமா?

வெண்ணாற்றுவாசி:

தம்பி, அந்த வீடியோவை அப்படியே இங்கே இறக்காதீங்க. வால்ஐ குளிர்நாட்டு மீன். மினசோட்டா, ஒன்டாரியோ பக்கத்து ஆழமான ஏரிகளில் கோடை முழுக்க மேலே சூடான தண்ணீர், கீழே குளிர்ந்த தண்ணீர், நடுவே சில அடிக்குள் வெப்பம் சட்டென்று இறங்கும் ஒரு அடுக்கு நிற்கும். அதற்குக் கீழே ஆக்சிஜன் தீர்ந்துபோனால் மீனுக்கு அங்கே இடமில்லை. கோடைக் கடைசி குளிர்ந்தால் மேல்தண்ணீர் கனத்து இறங்கும், காற்று கலக்கும், அடுக்கு வழக்கத்துக்கு முன்பே கலையும். மீனுக்கு ஏரி முழுக்கத் திறந்துவிடும். அவர்கள் இடம் மாறுவது அதனால்தான்.

6 அடிக் குளத்தில் மாதக்கணக்கில் நிற்கிற அடுக்கு ஏது? மதியம் மேல் ஒரு அடி சூடாகும், இரவில் குளிர்ந்து கலந்துவிடும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாள் அடுக்குதான் கத்திரியில் விராலின் இடத்தைத் தீர்மானிக்கிறது. திறந்த இடத்தில் 34, தாமரை நிழலில் அதைவிட இரண்டு மூன்று டிகிரி குறைவு என்றால் மீன் நிழலுக்குப் போகும். இப்போது உங்கள் குளம் எங்கே தொட்டாலும் 27லிருந்து 29. நிழலால் லாபமில்லை. மீன் இன்னமும் தாமரைக்கடியில்தான் இருக்கும் என்ற கணக்கு அங்கேதான் தப்புகிறது.

மேலே வருவது குறைந்ததை வைத்து மீன் இல்லை என்று முடிவு கட்ட வேண்டாம். விரால் காற்றை விழுங்கி வாழும் மீன். மேலே வர விடாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். தண்ணீர் குளிர்ந்தால் அதன் உடம்பு மெதுவாக ஓடும், ஆக்சிஜன் தேவை குறையும். தண்ணீரும் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துக்கொள்ளும்: 33 டிகிரியில் லிட்டருக்கு அதிகபட்சம் 7.2 மி.கி., 27 டிகிரியில் 8 மி.கி. அதனால் செவுளாலேயே கொஞ்சம் சமாளித்துக்கொண்டு, மேலே வரும் இடைவெளியை நீட்டும். குமிழியைப் பார்த்து வீசுகிறவர்கள் இந்த மாதிரி நாட்களில் ஏமாறுவது இதனால்தான்.

அந்த வீடியோவிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. வால்ஐயின் கண்ணுக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் உண்டு. மங்கலான வெளிச்சத்தில் தன் இரையைவிட நன்றாகப் பார்க்கும். அதனால் மேகம் மூடிய பகலிலும் மேயும். நம் பக்கம் அந்தக் குணத்துக்குக் கிட்டத்தில் வருவது வாளை. கொள்ளிடத்து மடுவில் வாளை தேடுகிறவர்கள் மேகமூட்டத்தில் ராத்திரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, மாலை 4 மணிக்கே தொடங்கலாம்.

மன்னை மதகு:

அண்ணன் சொன்னதுதான் அடிப்படை. செய்ய வேண்டியதை நான் சொல்றேன்.

முதல்ல நேரத்தை மாத்துங்க. விடியற்காலைதான் இப்போ தண்ணி ரொம்பக் குளிர்ந்திருக்கிற நேரம். கத்திரியில் அது லாபம், இப்போ நஷ்டம். 9 மணிக்குப் போனா போதும். 9லிருந்து 11, அப்புறம் 3லிருந்து 5. நடுவில் மேகம் விலகி முக்கால் மணி நேரம் வெயில் அடிச்சா அதை விடாதீங்க. அந்த நேரத்தில் படித்துறைக் கல் ஓரம், சூடு ஏறுகிற 2 அடித் தண்ணி, அல்லி இலைக்கு நடுவே இருக்கிற சந்து, இதுங்களுக்குத்தான் மீன் வரும்.

அடுத்தது இடம். தாமரைக்கு நடுவில் வீசுறதை விட்டுட்டு, அதன் வெளி ஓரத்திலிருந்து 10, 15 அடி திறந்த தண்ணியில் தேடுங்க. வாய்க்கால் விழுகிற வாயில் கலங்கலும் தெளிவும் சேருகிற கோடு தெரியும். தெளிவுப் பக்கம் நின்னு கலங்கலுக்குள் வீசி, கோட்டைத் தாண்டி வெளியே இழுங்க. ஒரே இடத்தில் 10 வீச்சுக்கு மேல் வேண்டாம். கத்திரியில் மீன் ஒரே இடத்தில் ஒண்டியிருக்கும், நின்ன இடத்திலேயே அடிக்கலாம். இப்போ சிதறிக் கிடக்கு, கரையைச் சுத்தி நடந்தே ஆகணும்.

தவளையைத் தூக்கிப்போட வேண்டாம், வேகத்தைக் குறைங்க. சந்து வந்ததும் நிறுத்தி மூணு நாலு எண்ணுங்க. ராடு நுனியால ஒரு சின்னத் துடிப்பு, திரும்ப நிறுத்தம். அடி விழுந்ததும் ராடைச் சுண்டி இழுக்காதீங்க. குளிர்ந்த தண்ணியில் மீன் பாதி வாய் வச்சு இழுத்துப் பார்க்கும். நரம்பு பக்கவாட்டில் நகர ஆரம்பிச்சதும் தொய்வை எடுத்துட்டு அப்புறம் சுண்டுங்க. சத்தம் கேட்டுச்சு, தவளை திரும்ப மிதந்துச்சு என்பவங்க பத்துக்கு எட்டுப் பேர் அவசரப்பட்டவங்கதான். முள் முனை ரெண்டும் ரப்பர் உடம்பை ஒட்டிக் கிடந்தாலும் மாட்டாது. குறடால் அரை நூல் (சுமார் ஒண்ணரை மி.மீ.) வெளிப்பக்கமா விரிங்க. அதுக்கு மேல் விரிச்சா பாசி முழுக்க அள்ளிட்டு வரும்.

தவளைக்கு மூணு தடவை வந்து பார்த்துட்டு விடுதுன்னா மீன் மேலே ஏறத் தயாரில்லைன்னு அர்த்தம். அப்போ தண்ணிக்குள்ளே போங்க: 3 அங்குல துடுப்புவால் ரப்பர் மீன், 3/0 வளைமுள், முள்ளின் தண்டிலேயே 3லிருந்து 5 கிராம் ஈயம். முனையை ரப்பருக்குள் லேசா புதைச்சா பாசி பிடிக்காது. மேல்மட்டத்திலிருந்து ஒரு அடி கீழே, வால் ஆடுற அளவுக்கு மட்டும் மெதுவா சுத்துங்க. ஈயம் 7 கிராமைத் தாண்டினா வேலம்பாசிக்குள் இறங்கிடும். உங்க தண்ணி ஒரு சாண்தான் தெரியுதுன்னா பளபளப்பு வேலைக்கு ஆகாது. கறுப்பு, இல்லை அடர் பழுப்பு. கூடவே 7 கிராம் சுழல்தகடு (இழுத்தா சுழன்று அதிர்ற தகட்டு இரை) ஒண்ணு பையில் இருக்கட்டும். கலங்கலில் விரால் பார்த்து அடிக்கிறதைவிட அதிர்வை வச்சு அடிக்கிறதுதான் அதிகம்.

டிராக்கை (மீன் இழுத்தா ரீலிலிருந்து நரம்பை அவிழ விடுற பிடி) இறுக்கியே வைங்க, 4 கிலோ இழுவைக்குக் குறைஞ்சு அவிழக் கூடாது. மாட்டின மீன் வேருக்குள் தலையைக் கொடுத்துட்டா ஆட்டி இழுக்காம, நரம்பை விறைப்பா பிடிச்சு நில்லுங்க. தானா திரும்பும்.

தலைஞாயிறு தக்கை:

ரெண்டு பேரும் வெப்பத்தையே பேசுறீங்க. எனக்கு அதில் பாதிதான் சம்மதம். கோடை மழையில் புதுத் தண்ணி இறங்கினா விராலுக்கு அது குஞ்சு பொரிக்கிற அழைப்பு. ஜோடி சேர்ந்து கரையோரப் புல்லை ஒதுக்கி முட்டை விடும். முட்டை மேலே மிதக்கும், ஓரிரு நாளில் பொரியும். சிவந்த குஞ்சுக் கூட்டம் பந்தாத் திரண்டு மேலே ஏறி இறங்கும், தாயும் தகப்பனும் அடியிலேயே நிக்கும். அந்த மீன் தவளையைப் பசிக்கு அடிக்கிறதில்லை, விரட்ட அடிக்கும். வாய் மூடியும் மூடாமலும் மோதிட்டுப் போறதில் பாதி இதுதான், தம்பி. குஞ்சுப் பந்து தெரிஞ்ச இடத்தில் வீசாதீங்க. பெரியதைத் தூக்கினா குஞ்சை கெண்டையும் ஜிலேபியும் முடிச்சிடும், அடுத்த வருஷம் குளத்தில் ஒண்ணும் இருக்காது. மதகு வாயில் தண்ணிக்கு எதிரே ஏறி வர்ற சினை மீனுக்கும் இதே பேச்சுதான்.

நாட்டுத் தூண்டில் போடுறவங்களுக்கு: 12 அடி மூங்கில், 0.40 மி.மீ. தங்கூசி, 1/0 முள். கத்திரியில் இரை தரையிலிருந்து ஒரு சாண் மேலே நிக்கும்படி தக்கையைக் கட்டுவோம். இப்போ பாதி ஆழத்துக்கு ஏத்துங்க, 6 அடியில் 3 அடி. மண்புழு நாலஞ்சைக் கொத்தா குத்தி நுனிகளைத் தொங்க விடணும். அயிரைன்னா முதுகுத் துடுப்புக்குப் பின்னால், முதுகெலும்புக்கு மேலே, தோலோடு மட்டும் குத்தணும். எலும்பில் பட்டா அஞ்சு நிமிஷத்தில் சாகும், செத்த அயிரையை இந்தத் தண்ணியில் குறவைகூட சீண்டாது. உயிர்த் தவளையைக் குத்துற வேலை வேண்டாம், வயலில் இருக்கட்டும்.

ஈயம் 2 கிராம் போதும். தக்கை குத்துன்னு அமிழ்ந்தா கெளுத்தி. சாய்ஞ்சு ஒரு பக்கமா நகர்ந்தா விரால். நகர்ந்ததும் வழக்கமா மூணு எண்ணுவோம், இப்போ அஞ்சு ஆறு எண்ணலாம். பத்து வரைக்கும் போனா முள் தொண்டையைத் தாண்டிடும், சின்ன மீனா இருந்தா திருப்பி விடவும் முடியாது.

கட்லா, ரோகு கதையே வேற. நாள் கணக்கில் வெயில் இல்லைன்னா பாசி போதுமான ஆக்சிஜன் விடாது, விடியும்போது குளத்தில் ரொம்பக் குறைஞ்சிருக்கும். கெண்டைங்க மேலே வந்து வாயைப் பிளக்கிறதைப் பார்த்து இரை கேக்குதுன்னு நினைச்சுப் புண்ணாக்கைக் கொட்டுறாங்க. அது மூச்சுக்குத் தவிக்கிற மீன், தின்னாது. கொட்டின புண்ணாக்கு அழுகி இருக்கிற ஆக்சிஜனையும் தின்னுடும். குத்தகைக்காரர் மறுநாள் செத்த மீனை அள்ளணும். 10 மணிக்கு மேல் காத்து எழும்பி அலை அடிச்சபிறகு தொடங்குங்க. வழக்கமா ஒரு கிலோ கடலைப் புண்ணாக்கும் தவிடும் போடுற இடத்தில் கால் கிலோ போதும்.

வெண்ணாற்றுவாசி:

அண்ணன் சொன்ன குஞ்சுப் பருவத்தை நான் விட்டுவிட்டேன், அது சரி. ஆனால் இடம் மாறியதற்கு அது மட்டும் காரணமில்லை. ஜோடி சேராத அரைக் கிலோ மீனும் தாமரைக்கு வெளியேதான் நிற்கிறது.

காற்றழுத்தம் பற்றி. ஒரு மில்லிபார் என்பது ஏறத்தாழ ஒரு செ.மீ. தண்ணீரின் பாரம். அழுத்தம் 10 மில்லிபார் இறங்கினாலும் மீனுக்கு அது ஒரு சாணில் பாதி மேலே ஏறினதற்குச் சமம். நம் ஊரில் மழையே இல்லாத நாளிலும் காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் இடையே மூன்று நான்கு மில்லிபார் இறங்கத்தான் செய்கிறது. மூச்சு வாங்க அடியிலிருந்து மேலே வந்து போகிற விராலுக்கு இதெல்லாம் ஒரு கணக்கா? தாழ்வு நிலையோடு சேர்ந்து வருகிற காற்று, மேகம், புதுத் தண்ணீர், இவற்றைப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது இடி. கார்பன் ராடு மின்சாரம் கடத்தும். கோடை மழையில் இடி திடுமென்று வரும். முதல் உறுமல் கேட்டதும் ராடைக் கீழே படுக்கவைத்துவிட்டுக் கரையை விட்டு விலகுங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். குளக்கரையில் தாழத் தொங்கும் மின்கம்பிக்குக் கீழே நின்று தலைக்கு மேல் வீசுவதும் கூடாது.

குடமுருட்டிக்கரை:

நன்றிண்ணே. 9 மணிக்கு மாத்திப் பார்க்கிறேன். இன்னும் ரெண்டு சந்தேகம். மெதுவா இழுத்தா என் தவளை நாலஞ்சு வீச்சில் தண்ணி குடிச்சு பின்பக்கம் அமிழுது. மேட்டூர் திறந்து ஆத்தில் தண்ணி வந்துட்டா இதெல்லாம் திரும்ப மாறுமா?

மன்னை மதகு:

தண்ணி ஏறுறது மூக்கு ஓட்டையில், முள்தண்டு வெளியே வர்ற இடத்தில். நல்லா பிழிஞ்சு காய வச்சு, கிழிஞ்ச ரப்பர் புழுத் துண்டைத் தீயில் காட்டி உருக்கி அங்கே ஒரு சொட்டு வைங்க. உடனடி ஒட்டுப்பசையும் நிக்கும், ஆனா விறைச்சு ரெண்டு அடியில் வெடிக்கும். முள் வெளியே வர்ற பின் சந்தை மட்டும் அடைச்சிடாதீங்க. உடம்பு அமுங்கினாத்தான் முள் வெளியே வரும். இப்போதைக்கு மூணு வீச்சுக்கு ஒரு தடவை பிழிஞ்சு விட்டாலே போதும்.

ஜூன் 12ல் திறந்தா கல்லணைக்குத் தண்ணி வர சுமார் மூணு நாள், உங்க வாய்க்காலுக்கு அப்புறம் இன்னும் சில நாள். குளத்துக்குள் விட்டதும் மட்டம் ஏறும், கரையோரப் புல் மூழ்கும். மீன் நேரா அந்தப் புல்லுக்குள் போயிடும். அப்போ திறந்த தண்ணியை விட்டுட்டு, புதுசா மூழ்கின ஒண்ணரை அடி ஆழத்தில் தவளையை ஓட்டுங்க. ஒரு வாரம் வெயில் நல்லா அடிச்சு மதியத் தண்ணி 32ஐத் தாண்டினா பழைய காலை 5.30 கணக்குக்கே திரும்பலாம். தெர்மாமீட்டரை மேல்மட்டத்தில் மட்டும் வைக்காம ரெண்டு அடிக்குக் கயிறு கட்டி இறக்கியும் பாருங்க. ரெண்டுக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தா மீன் திரும்ப நிழலுக்குப் போக ஆரம்பிச்சிருக்கும்.

தலைஞாயிறு தக்கை:

வாய்க்காலில் முதல் தண்ணி வர்ற ரெண்டு நாள் வீசாதீங்க. குப்பையும் பருத்திக் கொல்லை மருந்தும் சேர்ந்து வரும். தலை சுத்தி மிதக்கிற மீனை அள்ளி வீட்டுக்கும் கொண்டு போகாதீங்க.